எல்எல்டிபிடி சப்ஏஜென்ட் மாஸ்டருடன் இணைகிறது, ஆனால் எஸ்என்எம்பிவாக்கில் எதுவும் வரவில்லை

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகங்களையும் சர்வர் அறையையும் கவனித்துக்கொள்கிறேன். எந்தச் சர்வரின் கேபிள் எந்தச் சுவிட்ச்சில், எத்தனையாவது போர்ட்டில் செருகியிருக்கிறது என்ற விவரம் எனக்கு முன் இருந்தவர் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. கோடை விடுமுறையில் கேபிள்களை மாற்றியபோது அதில் பாதி செல்லாமல் போய்விட்டது. கணினிகளே தங்கள் அண்டை சுவிட்ச் எது என்று சொல்லட்டும் என்று டெபியன் 12 சர்வர்களில் எல்எல்டிபிடியை (அண்டைக் கருவிகளுக்குத் தன்னை அறிவிக்கும் எல்எல்டிபி நெறிமுறைக்கான சேவை) நிறுவியிருக்கிறேன். எல்எல்டிபிசிஎல்ஐ கட்டளையில் "ஷோ நெய்பர்ஸ்" கொடுத்தால் சுவிட்ச்சின் பெயரும் போர்ட்டும் அழகாக வருகின்றன. அதுவரை மகிழ்ச்சி.

இனி இந்த விவரத்தைக் கண்காணிப்பு நிலையம் எஸ்என்எம்பி (வலைக் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) வழியாக எடுத்துக்கொள்ள வேண்டும். எல்எல்டிபிடி ஒரு சப்ஏஜென்ட்டாகவும் இயங்கும், அதாவது மாஸ்டரான எஸ்என்எம்பிடி சேவைக்கு ஏஜென்ட்எக்ஸ் என்ற நெறிமுறையில் தன் விவரங்களைத் தரும் என்று கையேட்டில் படித்தேன். சேவையை நிறுத்திவிட்டு, கையால் தொடங்கிப் பார்த்தேன்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் எல்எல்டிபிடி
சுடோ எல்எல்டிபிடி -டிடிடி -எக்ஸ்

முதலில் "ஏஜென்ட்எக்ஸ் மாஸ்டர் ஏஜென்ட்டுடன் இணைய முடியவில்லை" என்ற எச்சரிக்கை வந்தது. அதன் இறுதியில் சதுர அடைப்புக்குள் "நில்" என்றிருந்தது. எஸ்என்எம்பிடி.கான்ஃப் கோப்பைத் திறந்து பார்த்தால் "மாஸ்டர் ஏஜென்ட்எக்ஸ்" என்ற வரி முன்னால் கட்டக்குறி போட்டு அணைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு எஸ்என்எம்பிடியை மறுதொடக்கம் செய்தேன். சற்று நேரத்தில் "நெட்-எஸ்என்எம்பி 5.9.3, ஏஜென்ட்எக்ஸ் சப்ஏஜென்ட் இணைந்தது" என்று பதிவில் வந்துவிட்டது.

ஆனால் ஒரு கிளையை முழுதும் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பிவாக் கட்டளையில் எல்எல்டிபி மரத்தின் ஓஐடியை (பொருளின் எண்முகவரி), அதாவது 1.0.8802.1.1.2 என்று கேட்டால், "இந்த ஓஐடியில் அப்படி ஒரு பொருள் இந்த ஏஜென்ட்டிடம் இல்லை" என்கிறது. 1.3.6.1.2.1.1 என்று கேட்டால் சர்வரின் பெயர், இடம் எல்லாம் ஒழுங்காக வருகின்றன.

என் கேள்விகள்: இணைந்த பிறகும் எல்எல்டிபிடி தன் மரத்தைப் பதிவு செய்யவில்லையா, அல்லது மாஸ்டர் மறைக்கிறதா? எஸ்என்எம்பிடியின் கையேட்டில் பெரிய எக்ஸ் போட்டால் "சப்ஏஜென்ட்டாக இயங்கு" என்று இருக்கிறது. நான் அதையும் கொடுக்க வேண்டுமா? கடைசியாக, கையால் தொடங்கியதைச் சர்வர் தொடங்கும்போதே தொடங்கும்படி எங்கே எழுதுவது?

கம்பிவேலி:

அனுமதிச் சிக்கல்தான் என்று நினைக்கிறேன். எஸ்என்எம்பிடி.கான்ஃபில் "ஏஜென்ட்எக்ஸ்பெர்ம்ஸ் 0777 0777" என்று ஒரு வரி சேருங்கள். "ஆர்ஓகம்யூனிட்டி பப்ளிக்" வரியின் பின்னால் இருக்கும் வியூ பகுதியை அழித்துவிடுங்கள். எனக்கு இப்படிச் செய்ததும் எல்லாம் வந்துவிட்டது.

மணிக்கூண்டு:

தம்பி, கம்பிவேலி சொன்னதைச் செய்தால் உங்களுக்கு வேண்டிய பதில் வந்துவிடும் என்பது உண்மை. இருந்தாலும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த இரண்டு மாற்றங்களில் ஒன்று உங்கள் சிக்கலுக்குத் தொடர்பே இல்லாதது. மற்றது கல்லூரி முழுவதற்கும் உங்கள் வலையமைப்பின் வரைபடத்தைத் திறந்து காட்டுவது. நான் பல ஆண்டுகளாக ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் கண்காணிப்புப் பிரிவில் இருக்கிறேன். இந்த 0777 வரி ஒரு சர்வரிலிருந்து அடுத்த சர்வருக்கு நகலெடுக்கப்பட்டுப் பரவுவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பிழைச்செய்தியைப் பார்ப்போம், விடை அதிலேயே இருக்கிறது. இணைந்தது என்று பதிவில் வந்துவிட்டதால் சாக்கெட் (இரு நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயில்) சரி, அனுமதியும் சரி. எல்எல்டிபிடி தன்னை இரண்டு செயல்முறைகளாகப் பிரித்துக்கொண்டு இயங்குகிறது. வலையிலிருந்து வரும் பாக்கெட்டுகளைப் படிப்பது, எந்த உரிமையும் இல்லாமல் ஒரு சிறைக்குள் அடைபட்ட செயல்முறை. /வார்/ஏஜென்ட்எக்ஸ்/மாஸ்டர் என்ற சாக்கெட்டைத் திறந்து கொடுப்பதோ வெளியே இருக்கும், உரிமை உள்ள கண்காணிப்புச் செயல்முறை. ஆகவே அந்த அடைவு ரூட்டுக்கு மட்டும் திறந்திருந்தாலும் எல்எல்டிபிடிக்குத் தடை இல்லை. உங்களுக்கு ஏஜென்ட்எக்ஸ்பெர்ம்ஸ் வரியே தேவைப்படாது.

மறைப்பது மாஸ்டர்தான். டெபியன் தரும் எஸ்என்எம்பிடி.கான்ஃபில் "சிஸ்டம்ஒன்லி" என்று ஒரு வியூ (கேட்பவருக்கு எந்தக் கிளைகள் தெரியலாம் என்ற பட்டியல்) இருக்கும். அதில் இரண்டே கிளைகள்: .1.3.6.1.2.1.1, பிறகு .1.3.6.1.2.1.25.1. பப்ளிக் என்ற கம்யூனிட்டி (கேட்பவர் கேள்வியோடு கொடுக்கும் பெயர்) அந்த வியூவுக்குள் கட்டப்பட்டிருக்கிறது. எல்எல்டிபியின் மரம் அதில் இல்லை. அது மட்டுமல்ல, நாம் வழக்கமாகப் பார்க்கும் 1.3.6.1 என்ற பெருங்கிளையிலேயே அது இல்லை. ஐஎஸ்ஓ தரங்களுக்கான கிளையில் 1.0.8802 என்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. இதனால்தான் "1.3.6.1 முழுவதையும் திறந்துவிட்டேன், அப்போதும் எல்எல்டிபி வரவில்லை" என்று பலர் திகைக்கிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, பிற்பாடு வேறு சப்ஏஜென்ட்களுக்கும் உதவும். வியூவுக்கு வெளியே இருக்கும் பொருளைத் தேடினால் பிழைச்செய்தி எப்போதும் ஒரே மாதிரி வராது. நிறுவனங்களின் கிளையான 1.3.6.1.4.1 வரிசையில் சிஸ்டம்ஒன்லி வியூவின் கடைசிக் கிளைக்கும் பின்னால் வருகிறது. அங்கே வாக் செய்தால், "இந்த மிப் வியூவில் இனி மாறிகள் இல்லை, மரத்தின் முடிவைத் தாண்டிவிட்டது" என்ற செய்தி கிடைக்கும். 1.0.8802 வரிசையில் 1.3-க்கு முன்னால் வருகிறது. அடுத்த பொருள் எது என்று கேட்டதும் மாஸ்டர் சர்வரின் விவரணையை, அதாவது 1.3.6.1.2.1.1.1.0 என்பதைத் தருகிறது. கேட்ட கிளைக்கு அது வெளியே இருப்பதால் எஸ்என்எம்பிவாக் கிளையின் வேரையே நேரடியாகக் கேட்டுப் பார்க்கிறது. அப்போதுதான் "அப்படி ஒரு பொருள் இல்லை" என்ற பதில். முதல் செய்தியில் வியூ என்ற சொல்லாவது இருக்கிறது. உங்களுக்கு வந்ததில் அந்தத் துப்புகூட இல்லை. நீங்கள் பதிவுச் சிக்கலோ என்று சந்தேகித்தது இயல்பு.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். அதற்கு இயங்கிக்கொண்டிருக்கும் எஸ்என்எம்பிடியைத் தொடவே கூடாது. பக்கத்தில் இன்னொரு மாஸ்டரைக் கையால் தொடங்குங்கள். சோதனை.கான்ஃப் என்று ஒரு சின்னக் கோப்பில் மூன்றே வரிகள்:

மாஸ்டர் ஏஜென்ட்எக்ஸ்
ஏஜென்ட்எக்ஸ்சாக்கெட் டிசிபி:127.0.0.1:1705
ஆர்ஓகம்யூனிட்டி சோதனை 127.0.0.1

எஸ்என்எம்பிடியைத் தொடங்கும்போது, பின்னணிக்குப் போய்விடாமல் இருக்கச் சிறிய எஃப். பதிவு முனையத்திலேயே வரப் பெரிய எல்லும் சிறிய ஓவும் சேர்த்து. வழக்கமான அமைப்புக் கோப்புகளைப் படிக்காதிருக்கப் பெரிய சி. உங்கள் சோதனைக் கோப்பைக் காட்டச் சிறிய சி. ஏஜென்ட்எக்ஸ் உரையாடலை முழுதும் காட்டப் பெரிய டியோடு இடைவெளி விடாமல் ஏஜென்ட்எக்ஸ். அந்த இடைவெளி முக்கியம். விட்டால் அடுத்த சொல்லைக் கேட்கும் முகவரி என்று எடுத்துக்கொள்ளும். வரியின் கடைசியில் யுடிபி:127.0.0.1:1161. வழக்கமான 161-இல் உண்மையான எஸ்என்எம்பிடி தன்பாட்டுக்கு இயங்கட்டும். கம்யூனிட்டியின் பெயரை ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: எஸ்என்எம்பி_பெர்சிஸ்டென்ட்_டிர் என்ற சூழல் மாறியில் /டிஎம்பி அடைவுக்குள் ஒரு வெற்று அடைவைக் கொடுத்துத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் சோதனை மாஸ்டரும் உண்மையான மாஸ்டரும் /வார்/லிப்/எஸ்என்எம்பி அடைவில் உள்ள ஒரே நிலைக்கோப்பில் எழுதும். எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்புப் பயனர்களின் (கடவுச்சொல்லோடு கேட்பவர்கள்) சாவிகள் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. சோதனைக்காக அவற்றைப் பணயம் வைக்கக் கூடாது.

இப்போது எல்எல்டிபிடியை நிறுத்தி, இன்னொரு முனையத்தில் சிறிய எக்ஸுக்குப் பதிலாகப் பெரிய எக்ஸ் கொடுத்து, அதே முகவரியோடு தொடங்குங்கள்:

சுடோ எல்எல்டிபிடி -டிடிடி -(பெரிய)எக்ஸ் டிசிபி:127.0.0.1:1705

இங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று பெயரைக் கொடுக்காமல் எண்ணையே கொடுக்க வேண்டும். டிசிபி இணைப்பைத் திறப்பது சிறைக்குள் இருக்கும் செயல்முறை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் கோப்புகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. கையேடும் இதைச் சொல்கிறது, ஆனால் ஒரே ஒரு வாக்கியத்தில். விரைவாகப் படிப்பவர்கள் தாண்டிவிடுவார்கள்.

மாஸ்டரின் முனையத்தில் ஓப்பன் என்ற செய்தி வரும், அதைத் தொடர்ந்து 1.0.8802.1.1.2-இன் கிளைகளுக்கான ரெஜிஸ்டர் செய்திகள் வரும். அவை வந்தால் எல்எல்டிபிடி தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள். 1161-இல் வாக் செய்து பாருங்கள், அண்டை சுவிட்ச்சின் பெயர் 1.0.8802.1.1.2.1.4.1.1.9-இன் கீழே வரும், போர்ட்டின் விவரணை அதற்கு முந்தைய 8-இன் கீழே வரும். எல்எல்டிபி இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறைதான் தன்னை அறிவிக்கும். தொடங்கியவுடனே அட்டவணை வெறுமையாக இருந்தால் பதறாமல் அரை நிமிடம் பொறுங்கள்.

இதற்குப் பிறகு உண்மையான கோப்பைத் திருத்தலாம். பப்ளிக் வரியைத் தொடாதீர்கள். தனியாக ஒரு வியூ:

வியூ அண்டை இன்க்ளூடட் .1.0.8802.1.1.2
வியூ அண்டை இன்க்ளூடட் .1.3.6.1.2.1.1

பிறகு மூன்றாம் பதிப்புப் பயனர் ஒருவர்: "ஆர்ஓயூசர் கண்காணி ஆத்பிரிவ் -வி அண்டை". இதில் வி பெரியது. வியூ, பயனர் பெயர்களும் ஆங்கில எழுத்துகளில்தான். பயனரை உருவாக்கும் கிரியேட்யூசர் வரியை எஸ்என்எம்பிடி நின்றிருக்கும்போது மட்டும் /வார்/லிப்/எஸ்என்எம்பி/எஸ்என்எம்பிடி.கான்ஃபில் எழுதுங்கள். அடுத்த முறை தொடங்கும்போது அது கடவுச்சொல்லைச் சாவியாக மாற்றிவிட்டு, நீங்கள் எழுதிய வரியை அழித்துவிடும். இயங்கிக்கொண்டிருக்கும்போது எழுதினால், நிறுத்தும் நேரத்தில் அது தன் நிலையை மேலெழுதி உங்கள் வரியை விழுங்கிவிடும். கேட்கும் முகவரி 127.0.0.1 என்று மட்டும் இருந்தால், கண்காணிப்பு நிலையம் எட்டக்கூடிய முகவரியையும் சேர்க்க வேண்டும்.

0777 ஏன் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட்எக்ஸ் நெறிமுறை 2000 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 2741. அதில் சப்ஏஜென்ட் யார் என்று சரிபார்க்கும் கடவுச்சொல்லோ சாவியோ எதுவும் கிடையாது. சாக்கெட்டைத் தொட முடிந்தவர் யாரும் எந்தக் கிளையையும் பதிவு செய்யலாம். ஒரே கிளைக்கு இருவர் போட்டியிட்டால் முன்னுரிமை எண் குறைவாக உள்ளவர் வெல்வார். இயல்பான எண் 127. அதாவது அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் ஒரு மாணவர் சிறிய எண்ணோடு பதிவு செய்து, சர்வரின் பெயருக்கோ போர்ட் எண்ணிக்கைகளுக்கோ தானே பதில் சொல்லிவிடலாம். உங்கள் கண்காணிப்புத் திரை அதை உண்மை என்றே காட்டும். கோப்பு அனுமதி ஒன்றுதான் அங்கே இருக்கும் காவல். இதே காரணத்தால்தான், சோதனை முடிந்ததும் டிசிபியை விட்டுவிட்டு யூனிக்ஸ் சாக்கெட்டுக்கே திரும்பிவிடுங்கள் என்கிறேன். டிசிபி போர்ட்டுக்கு அந்தக் காவலும் இல்லை; சர்வருக்குள் இருக்கும் எவரும் இணையலாம்.

பப்ளிக் வியூவை அழிப்பதும் அப்படித்தான். எல்எல்டிபி அட்டவணையில் சுவிட்ச்சின் பெயர், மென்பொருள் பதிப்பு, நிர்வாக முகவரி எல்லாம் இருக்கின்றன. அதைக் கடவுச்சொல் இல்லாமல் கேட்டவருக்கெல்லாம் தருவது உங்கள் கல்லூரிக்கு நல்லதல்ல.

எக்ஸ் குழப்பத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு நிரலும் அந்த எழுத்தை வேறு வேறு வேலைக்கு வைத்திருக்கிறது. எஸ்என்எம்பிடியில் சிறிய எக்ஸ் என்பது ஏஜென்ட்எக்ஸ் முகவரி. பெரிய எக்ஸ் என்பது எஸ்என்எம்பிடியே இன்னொரு மாஸ்டருக்குக் கீழே சப்ஏஜென்ட்டாகப் போவது. எல்எல்டிபிடியில் சிறிய எக்ஸ் சப்ஏஜென்ட்டை இயக்கும், பெரிய எக்ஸ் முகவரியையும் சேர்த்து வாங்கும். கீப்அலைவ்டி (ஒரு சர்வர் விழுந்தால் மற்றொன்றை முன்னிறுத்தும் நிரல்) என்பதில் சிறிய எக்ஸ் இயக்குவதற்கு, பெரிய ஏ முகவரிக்கு. உங்கள் எஸ்என்எம்பிடிக்குப் பெரிய எக்ஸ் கொடுக்கவே வேண்டாம். கொடுத்தால் மாஸ்டரே இல்லாமல் போய்விடும்.

நிரந்தரமாக்க: /இடிசி/டீஃபால்ட்/எல்எல்டிபிடி கோப்பில் டீமன்_ஆர்க்ஸ் என்ற வரி இருக்கும். கட்டக்குறியோடு ஏற்கெனவே எழுதியிருக்கும் மாதிரி வரியில் எக்ஸுடன் சி, எஸ், இ என்ற எழுத்துகளும் இருக்கும். அவை சிஸ்கோ முதலிய நிறுவனங்களின் பழைய நெறிமுறைகளை இயக்குபவை. உங்கள் சுவிட்ச்கள் எல்எல்டிபி பேசுகின்றன என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். எக்ஸ் மட்டும் போதும்.

பொருநைக்கரை:

மிக்க நன்றி அக்கா. நீங்கள் சொன்னபடியே இரண்டு முனையங்களைத் திறந்துவைத்துச் செய்தேன். சோதனை மாஸ்டரில் ஓப்பன் வந்தது, அதன் பின்னால் 1.0.8802.1.1.2-க்கான பதிவுகள் வரிசையாக வந்தன. 1161-இல் வாக் செய்ததும் நூலகக் கட்டடத்தின் சுவிட்ச் பெயரும் 17-ஆம் போர்ட்டும் வந்தன. நோட்டுப் புத்தகத்தில் அந்தச் சர்வருக்கு எழுதியிருந்தது வேறு சுவிட்ச், வேறு போர்ட்!

வியூவும் மூன்றாம் பதிப்புப் பயனரும் அமைத்துவிட்டேன். கண்காணிப்பு நிலையத்திலிருந்து இப்போது வருகிறது. பிறருக்கு உதவலாம் என்று ஒன்றைச் சேர்க்கிறேன்: சேவை இயங்கிக்கொண்டிருக்கும்போது கையால் எல்எல்டிபிடியைத் தொடங்கினால், "இன்னொன்று ஏற்கெனவே இயங்குகிறது" என்று சொல்லி விலகிவிடுகிறது. முதலில் சேவையை நிறுத்துவது அவசியம்.

ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. சர்வர் தொடங்கும்போது எல்எல்டிபிடி முதலில் வந்து, எஸ்என்எம்பிடி பின்னால் வந்தால் என்ன ஆகும்? எஸ்என்எம்பிடியை நான் மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் எல்எல்டிபிடியையும் செய்ய வேண்டுமா?

ஏழாம்அடுக்கு:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன், பொருநைக்கரை மன்னிக்கவும். என்னிடம் எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருள் இயங்கும் ஒரு லினக்ஸ் ரவுட்டர் இருக்கிறது. எஃப்ஆர்ஆர்-எஸ்என்எம்பி பொதியை நிறுவி, /இடிசி/எஃப்ஆர்ஆர்/டீமன்ஸ் கோப்பில் பிஜிபிடியின் (பிஜிபி ரவுட்டிங் நெறிமுறைக்கான அதன் நிரல்) விருப்பங்களில் பெரிய எம் போட்டு எஸ்என்எம்பி என்று சேர்த்திருக்கிறேன். விடிஒய்எஸ்ஹெச்சில் (எஃப்ஆர்ஆரின் கட்டளை முனையம்) ஏஜென்ட்எக்ஸ் என்ற கட்டளையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனாலும் பதிவில் இணைய முடியவில்லை என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. எஸ்என்எம்பிடியில் மாஸ்டர் வரி இருக்கிறது. இங்கேயும் அனுமதி தேவையில்லை என்பீர்களா?

மணிக்கூண்டு:

ஏழாம்அடுக்கு, உங்களுடையது உண்மையிலேயே அனுமதிச் சிக்கல். எல்எல்டிபிடிபோல உரிமையுள்ள ஒரு துணைச் செயல்முறை பிஜிபிடிக்காகச் சாக்கெட்டைத் திறந்து கொடுப்பதில்லை. பிஜிபிடி எஃப்ஆர்ஆர் என்ற பயனராகவே சாக்கெட்டைத் தொடுகிறது. இயல்பு அமைப்பில் எஸ்என்எம்பிடியின் பயனராக இருப்பவருக்கு மட்டுமே அங்கே அனுமதி. அதற்காகவும் 0777 வேண்டாம். யார் தொட வேண்டுமோ அவரை மட்டும் சேருங்கள்:

ஏஜென்ட்எக்ஸ்பெர்ம்ஸ் 0660 0550 டெபியன்-எஸ்என்எம்பி எஃப்ஆர்ஆர்

முதல் எண் சாக்கெட்டுக்கு, இரண்டாவது அது இருக்கும் அடைவுக்கு, பிறகு உரிமையாளர், குழு. இதில் கவனிக்க வேண்டியது: /வார்/ஏஜென்ட்எக்ஸ் அடைவு ஏற்கெனவே உருவாகியிருந்தால், இந்த வரியை எழுதியதால் மட்டும் அதன் பழைய அனுமதி மாறிவிடும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். மறுதொடக்கம் செய்தபின் எல்எஸ் -எல்டி கொடுத்து அடைவையே பாருங்கள். அது இன்னும் ரூட்டுக்கு மட்டும் திறந்திருந்தால் குழுவையும் அனுமதியையும் கையால் மாற்றுங்கள். சாக்கெட்டின் அனுமதி எவ்வளவு சரியாக இருந்தாலும் அடைவு மூடியிருந்தால் உள்ளே போக முடியாது. எஃப்ஆர்ஆர் பயனராகவே பார்த்துவிடுவது இன்னும் நல்லது: சுடோவில் சிறிய யூ போட்டு எஃப்ஆர்ஆர் என்று கொடுத்து, சாக்கெட்டின் முழுப் பாதையை எல்எஸ் செய்யுங்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்தால் பிஜிபிடிக்கும் தெரியும்.

இணைந்த பிறகு இன்னொரு விஷயம், இதைப் பெரிதும் வலியுறுத்துகிறேன். பிஜிபி மிப் (எஸ்என்எம்பி வழியாகக் கேட்கக்கூடிய பொருள்களின் தொகுப்பு) 1.3.6.1.2.1.15-இல் இருக்கிறது. அதில் 15.3 அண்டை ரவுட்டர்களின் அட்டவணை, சிறியது, உங்களுக்குத் தேவையானது. 15.6 என்பது வந்த பாதைகள் அனைத்தின் அட்டவணை. முழு இணையப் பாதைகளையும் வாங்கும் ரவுட்டரில் யாராவது 15-ஐ முழுமையாக வாக் செய்தால், அந்தப் பெரும் அட்டவணைக்கான ஒவ்வொரு பதிலையும் பாதைகளைக் கையாளும் அதே பிஜிபிடிதான் தயாரித்தாக வேண்டும். மாஸ்டர் ஒரு பதிலுக்கு இயல்பாக 1 நொடி காத்திருக்கும், 5 முறை மீண்டும் கேட்கும். ஏஜென்ட்எக்ஸ்டைம்அவுட்டைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைவிட வியூவில் 15.3-ஐ மட்டும் சேர்த்து, 15.6-ஐச் சேர்க்காமல் விடுவதே ரவுட்டருக்குச் செய்யும் உதவி. ஏஜென்ட்எக்ஸ் கட்டளையை விடிஒய்எஸ்ஹெச்சில் ஒருமுறை கொடுத்துவிட்டால் இயங்கும்போதே திரும்பப் பெறவும் முடியாது. பிஜிபிடியை மறுதொடக்கம் செய்ய வேண்டிவரும், அதாவது அண்டைகளுடனான அமர்வுகள் விழும். ஆகவே வியூவை முதலில் எழுதுங்கள், இயக்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை தம்பி, 17-ஆம் போர்ட்டைப் படித்ததும் எனக்கும் மகிழ்ச்சி. உங்கள் சந்தேகத்துக்கு: நெட்-எஸ்என்எம்பி நூலகத்தைப் பயன்படுத்தும் சப்ஏஜென்ட்கள் மாஸ்டரை இழந்தாலும், தொடக்கத்திலேயே காணாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் முயலும். அந்த இடைவெளி இயல்பாக 15 நொடி. நீங்கள் முதலில் சொன்ன நிகழ்விலேயே அது தெரிகிறது. எஸ்என்எம்பிடியை மட்டும்தான் மறுதொடக்கம் செய்தீர்கள். "சற்று நேரத்தில்" எல்எல்டிபிடி தானாக இணைந்தது. அதனால் இரண்டையும் சேர்த்து மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை.

ஆயினும் அந்த 15 நொடிக்குள் கண்காணிப்பு நிலையம் வந்து கேட்டால் அட்டவணை இல்லை என்ற பதில் போகும். சில கண்காணிப்பு மென்பொருள்கள் அதைக் கண்டு எல்லா அண்டைகளும் மறைந்துவிட்டதாக எச்சரிக்கை அனுப்பிவிடும். சர்வர் தொடங்கும்போதாவது வரிசை ஒழுங்காக இருக்கட்டும் என்றால், சிஸ்டம்சிடிஎல் எடிட் எல்எல்டிபிடி என்று கொடுத்து, திறக்கும் கோப்பில் யூனிட் பகுதியின் கீழே "ஆஃப்டர்=எஸ்என்எம்பிடி.சர்வீஸ்" என்று ஒரு வரி சேருங்கள். "ரிக்வயர்ஸ்" என்று எழுதாதீர்கள். எழுதினால் எஸ்என்எம்பிடியை நிறுத்தும்போது எல்எல்டிபிடியும் நின்று, சுவிட்ச்களின் பக்கத்தில் உங்கள் சர்வரே அண்டைப் பட்டியலிலிருந்து காணாமல் போகும்.

ஏழாம்அடுக்கு:

அடைவுதான். சாக்கெட்டின் குழு சரியாக மாறியிருந்தது, ஆனால் /வார்/ஏஜென்ட்எக்ஸ் 0700 ஆகவே நின்றிருந்தது. கையால் மாற்றியதும் அடுத்த முயற்சியிலேயே பிஜிபிடி இணைந்துவிட்டது. வியூவில் 15.3 மட்டும் சேர்த்திருக்கிறேன்.

கம்பிவேலி:

நானும் என் சர்வர்களில் 0777 வரியை எடுத்துவிட்டு, குழுவைக் கொடுத்து மாற்றியிருக்கிறேன். கீப்அலைவ்டி ரூட்டாக இயங்குவதால் அந்த வரியே இல்லாமலும் இணைந்துவிட்டது. அதன் மிப் 1.3.6.1.4.1.9586.100.5-இல் இருக்கிறது, அதை மட்டும் வியூவில் சேர்த்தது போதுமானதாக இருந்தது.